கடைசி வரிசைக் கைதட்டல்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நீச்சல் குளத்தின் படியேறி வந்ததற்கும் துண்டு கிடந்த பெஞ்சை எட்டியதற்கும் இடையே, கறையக்காவின் மகள் நான்கு விரற்கடை வளர்ந்தாள். மொத்தம் பதினோரு எட்டு. மூன்றாவது எட்டில் நீச்சலுடையின் தோள்பட்டி அறுந்தது. அந்தச் சத்தம் முதல் வரிசைவரை கேட்டது. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஐம்பது மீட்டரில் முதலாவதாக வந்திருந்தாள், படிவரிசைகளில் உட்கார்ந்திருந்த அறுபத்துச் சொச்சம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவள் வளர்ந்தாள். அன்று தண்ணீர் கொஞ்சம் குளிராகவும் குளோரின் வழக்கத்தைவிடத் தூக்கலாகவும் இருந்தது. கடைசி வரிசையில் நின்றிருந்த கறையக்காவுக்கு முதலில் தோன்றியது, நேற்றுத்தானே பள்ளிக்கூட உடுப்பின் ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்தோம், அந்த வேலை வீணாகப் போயிற்றே என்பதுதான்.

கறையக்கா என்பது அவளுக்கு வேலை கொடுத்த பெயர். நான்கு அடுக்குமாடிகளுக்கும் பொதுவாக ஒரு சலவை நிலையம் இருந்தது. அதில் பெரிய இயந்திரங்களுக்குப் பின்னால், ஜன்னலோரமாகப் போட்டிருந்த வெள்ளைக்கல் மேசை அவளுடையது. இயந்திரம் கைவிட்ட துணியெல்லாம் அந்த மேசைக்கு வரும். பேனா மை, துரு, எண்ணெய்ப் பிசுக்கு, மருந்து, ரத்தம் என்று எதுவாக இருந்தாலும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, இது இன்னது, இத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடுவாள். எந்தக் கறையாக இருந்தாலும் முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டி உறவாடிவிடும் என்பது அவள் கட்சி. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். மகளை அவள் குட்டி என்பாள். குளத்தில் எல்லோரும் தவளை என்றார்கள், காலை அப்படி உதைப்பாள் என்பதால்.

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடைக்காரரின் மகன் மூன்று விரற்கடை வளர்ந்தான், அதற்கடுத்த வாரம் தையல்காரரின் இரட்டையர் ஆளுக்கு இரண்டு. மருந்துக்கடைக்காரர் எதையும் அளந்து பார்த்தே பழகியவர். உடைமாற்றும் அறைச் சுவரில் கறுப்பு மையால் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி அளந்து, ஒரே மாதத்தில் விதிகளைக் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளை நீந்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தட்ட வேண்டும். மனசிலிருந்து தட்ட வேண்டும். பதினெட்டு முடிந்தால் எலும்பு இறுகிவிடும், அப்புறம் தட்டினாலும் ஒன்றுதான், தட்டாவிட்டாலும் ஒன்றுதான். கடைசி விதியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. அன்று மகனைத் தனியாக நீந்தவிட்டு, விடிந்ததிலிருந்து மதியம்வரை தானே தட்டினார். உள்ளங்கை வீங்கி ரொட்டிபோல உப்பியது. பையன் நகக்கண் அளவுகூட வளரவில்லை. சொந்தக்காரர் கைதட்டல் செல்லாது.

அதனால்தான் சங்கம் வந்தது. தன் பிள்ளை வளர வேண்டுமானால் அடுத்தவன் தட்ட வேண்டும், அடுத்தவன் பிள்ளைக்குத் தான் தட்ட வேண்டும் என்று ஆனபிறகு நான்கு மாடிக்காரர்களும் ஒரு மாதிரி நல்லவர்களாகிவிட்டார்கள். மாடிப்படியில் குப்பை போட்டதற்காக ஆறு வருடம் பேசாதிருந்த இரண்டு குடும்பங்கள் குளத்தில் அருகருகே உட்கார்ந்து ஒன்றின் பிள்ளைக்கு மற்றது தட்டின. மருந்துக்கடைக்காரர் செயலாளரானார். குளத்து வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: இங்கே எந்தக் குழந்தையையும் யாரும் ஒரு சொல்லும் திட்டக் கூடாது. அந்த விதியை யாரும் மீறவில்லை. இந்தக் கதை முடிகிறவரையிலும் யாரும் மீறப் போவதில்லை.

பொய் சொல்லக் கூடாது, நல்லதும் நிறைய நடந்தது. தையல்காரரின் இரட்டையரில் ஒருத்திக்குத் திக்குவாய். ஒரு சனிக்கிழமை எண்பது பேர் தட்டியதில் அவள் வாயிலிருந்து முழு வாக்கியம் ஒன்று தடங்கலில்லாமல் வந்து விழுந்தது. பிறகு அவள் வாயை மூடவைப்பதுதான் பாடாகப் போயிற்று. தண்ணீரைக் கண்டாலே அலறிய பிள்ளைகள் மீனாய் நீந்தினார்கள். கூனிக் குறுகி நடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிள்ளைகுட்டி இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்து தட்டிவிட்டுப் போனார்கள். கதவுநிலைகளை உயர்த்திக் கட்டித் தரும் தச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை. மருந்துக்கடைக்காரரின் மகன் பதினான்கு வயதில் ஆறடி நாலு அங்குலத்தைத் தொட்டான். அவனுக்குத் தூண் என்று பெயர் வைத்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து குனிந்து வீட்டுக்குள் போனான்.

எல்லோரையும்விட அதிகக் கைதட்டல் தவளைக்குத்தான். பதினோரு வயதில் அம்மாவைவிட ஒரு தலை உயரம். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெட்டியை ஒட்டிப்போட்டு நீளமாக்கினார்கள்; கட்டில் அறையை அடைத்துக்கொண்டதால் கறையக்கா சமையலறையில் படுத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. மகளை அண்ணாந்து பார்த்துத் தலைசீவிவிட, முக்காலி போட்டு ஏறி நிற்பாள். சனிக்கிழமைதோறும் கடைசி வரிசையில் நின்று, கறை எடுக்கும் மருந்துநீரில் வெளுத்துப் போன கைகளால், செல்லாது என்று தெரிந்தே தட்டுவாள்.

"நீ ஏம்மா தட்டுற? வேஸ்ட்டு. கைதான் வலிக்கும்" என்பாள் மகள்.

"சும்மா இருடி. என் கை, நான் தட்டுறேன்."

தவளைக்குப் பன்னிரண்டு நடக்கும்போது மேட்டுக் குடியிருப்புக்காரர்களுடன் போட்டி வந்தது. அது மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த போட்டி. கடைசியாகத் தொடர் நீச்சல், ஆளுக்கு ஒரு சுற்றாக நான்கு பெண்கள். முன்னால் நீந்துகிறவள் சுவரைத் தொட்டபிறகுதான் அடுத்தவள் குதிக்க வேண்டும். நான்காவது ஆள் தவளை. மூன்றாமவள் பாதிக் குளத்தைத் தாண்டியபோது நம்மவர்கள் ஓர் ஆள் நீளம் முன்னால் இருந்தார்கள். தவளை மேடையின் விளிம்பில் கால்விரல்களை மடக்கிக் குனிந்து நின்றாள். அவள் நின்ற அழகைப் பார்த்ததும் நான்கு மாடிக்காரர்களுக்கும் தலைகால் புரியவில்லை. நீந்தும் முன்னால் தட்டக் கூடாது என்று அவர்களே எழுதிவைத்திருந்த விதியை மறந்து, இருநூறு பேரும் ஒரேயடியாகத் தட்டினார்கள். அன்று காலைத் தனிப் போட்டியில் அவள் நீந்தியதை ஏற்கனவே பார்த்திருந்தார்கள், தட்டியதும் மனசிலிருந்துதான். ஆகவே அது செல்லுபடியாயிற்று. நின்ற இடத்திலேயே அவள் மூன்று விரற்கடை வளர்ந்தாள். பாதம் நீண்டு விளிம்பைத் தாண்டியது, பாரம் முன்னால் சாய்ந்தது, மூன்றாமவளின் கை சுவரைத் தொட இன்னும் ஒரு முழம் இருக்கும்போது அவள் தண்ணீரில் விழுந்தாள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். நான்காவது வருடமும் தோற்றார்கள்.

யாரும் திட்டவில்லை. அதுதான் அவர்களுடைய பெருமை. ஈரத்தோடு நடுங்கி நின்றவளின் முதுகில் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று இருநூறு பேரும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவசரப்பட்டுத் தட்டியது தாங்கள்தான் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அப்படி நினைப்பது மற்றவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கலாம். அடுத்த சனிக்கிழமை தவளை நூறு மீட்டரில் முதலாவதாக வந்தாள். பார்த்தவர்களின் கைகள் மடியில் இருந்தன. சிலர் குடையைப் பிடித்திருந்தார்கள், சிலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்கள், ஒரு அம்மாள் கைப்பையில் எதையோ தேடினாள். எல்லோரும் புன்னகை செய்தார்கள். படியேறிப் பெஞ்சுக்குப் போவதற்குள் நீச்சலுடை அவள் தோளில் தொளதொளவென்று தொங்கியது.

கைதட்டலில் வளர்ந்த உடம்பு கைதட்டலில்தான் நிற்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு தானாக வளர்ந்தது, எவ்வளவு தட்டி வளர்ந்தது என்று உடம்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தது. ஒரு மாதத்தில் அவள் பத்து வயது உயரத்துக்கு வந்தாள், மூன்று மாதத்தில் ஐந்து வயதுக்கு, அதற்குப் பிறகும் நிற்காமல் ஒரு சாணுக்கு. வயது மட்டும் பன்னிரண்டாகவே இருந்தது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. குளத்துக்கே போகாமல் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் குறைய வேண்டியது அந்த ஒரு வாரத்தில் குறைந்தது. ஆகவே போயே ஆக வேண்டும். குளத்து வாத்தியார் அவளுக்குக் கடைசிப் போட்டியை ஒதுக்கினார். அவருக்கு விசில் வாத்தியார் என்று பெயர். ஒரு கையில் விசிலும் மறு கையில் கடிகாரமுமாக இருப்பதால் சங்கம் அவருக்குத் தட்டும் உரிமை கொடுக்கவில்லை. அவர் அவளை ஒரு பலகையில் வைத்துத் தண்ணீரில் இறக்கிவிடுவார். ஒரு சாண் உயரத்துப் பெண் அந்தக் குளத்தின் நீளத்தைக் கடக்க இருபத்திரண்டு நிமிடமாகும். அதுவரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை, மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள்.

கறையக்கா மருந்துக்கடைக்குப் போனாள். மகள் அவள் மேல்சட்டைப் பையில் இருந்தாள்.

"நாங்க ஒரு வார்த்தை திட்டினோமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"திட்டல."

"முகத்தைத் திருப்பினோமா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? தட்டுங்கன்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அது மனசுல இருந்து வரணும்."

"உங்க மனசுல வரலையா?"

அவர் மாத்திரை அட்டைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த மகனைக் காட்டினார். "ஆறடி நாலு அங்குலம். அத்தனையும் இவங்க கை. நான் உன் பொண்ணுக்குத் தட்டி, அது பிடிக்காம நாலு பேர் என் பையனுக்கு நிறுத்திட்டா?" அவர் அழுதார் என்றும் சொல்கிறார்கள். கெட்ட மனிதர் இல்லை. தவளைக்கு இருமலுக்கு ஒரு மருந்து கொடுத்தார், ஒரு சொட்டு போதும் என்றார், தெருவரை வந்து வழியனுப்பினார்.

இனி வெளியார் கைதான் கதி என்று கறையக்கா பேருந்து நிலையத்துக்குப் போனாள். அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி மகளை நீந்தவிட்டாள். கூட்டம் கூடியது, தட்டியது. ஆனால் வேடிக்கை பார்த்துத் தட்டிய தட்டு, மனசு எங்கோ இருந்தது. மகள் இம்மியும் அசையவில்லை. சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறவர் ஒருவர் இருந்தார், கல்யாணம் காட்சி இல்லாதவர், சங்கத்திலும் இல்லை. அவர் அலசு தொட்டியில் பிள்ளை நீந்துவதைப் பார்த்து, கண் கலங்கி, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். மனசிலிருந்துதான் தட்டினார், சந்தேகமேயில்லை. ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் திகைத்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடமாக அவரை அவள் அண்ணா என்றே கூப்பிட்டிருக்கிறாள், பிள்ளை மாமா என்று கூப்பிட்டிருக்கிறது. பேச்சுக்கு அண்ணன் என்று நூறு பேரைக் கூப்பிடலாம். இவரை அவள் நிஜமாகவே அண்ணனாக வைத்திருந்தாள். அவரும் சொந்தமாகிவிட்டார். அவர் கையும் செல்லாது.

"நான் என்ன பண்ணுவேன்மா, நீயும் பாப்பாவும் எனக்கு அப்படித்தானே" என்றார் அவர், குற்றவாளிபோல.

அன்று மாலை அவள் கறை மேசையின் முன்னால் வேலையில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தில் இல்லாத உறவு வந்து இப்படி ஒட்டிக்கொள்ளுமானால், ரத்தத்தில் இருப்பதும் போகும். ஒட்டியது எதுவும் போகும். அது அவள் தொழில்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தாள். அரசு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று முத்திரை வாங்கினாள். சனிக்கிழமை கடைசி வரிசையில் நின்று தட்டினாள். காகிதத்தை உடம்பு சட்டை செய்யவில்லை. மகள் இன்னும் ஒரு நகம் குறைந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, கைக்குட்டை ஒன்றை வெட்டி, மகளுக்குப் புதிதாக ஒரு நீச்சலுடை தைத்தாள். ஊசி விரலில் ஏறி ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் பட்டது. வழக்கமாக உடனே பச்சைத் தண்ணீரில் நனைப்பவள், அன்றைக்கு அவசரத்தில் அப்படியே உடுத்திவிட்டு, மகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நாளையிலேருந்து நீ விசில் வாத்தியார் வீட்ல இருப்ப. நான் பேசிட்டேன்."

"நீ?"

"நான் உனக்கு யாரோ."

"யாரோன்னா?"

"பஸ்ல பக்கத்துல வந்து உக்கார்றாங்கல்ல, அந்த மாதிரி. நீ என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது. பாத்தாலும் பாக்காத மாதிரி போயிடணும். கூப்பிட்டா அவ்வளவும் வீணாப் போயிடும், புரியுதா?"

மகள் கொசுக்குரலில் கேட்டாள், "மறுபடி எப்பம்மா அம்மா ஆவ?"

கறையக்கா அவளைத் தலையணையில் இறக்கிவைத்தாள். அடுப்பில் எதையோ பார்க்கப் போவதுபோல எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை.

மகளை விட்டுவிட்டு வந்த காலையில், வாளி நிறையப் பச்சைத் தண்ணீர் பிடித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஆறு நாள் விடுப்பு சொல்லியிருந்தாள். தலையணை உறையில் மைக்கறை இருந்தது, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுதிய கையோடு வந்து படுத்துத் தூங்கியபோது பட்டது. அதை எடுத்ததும் அந்த நாள் போயிற்று. போர்வையில் மஞ்சளாக மருந்து கொட்டியிருந்தது. பதினோரு நாள் காய்ச்சல், அதில் ஒன்பதாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணி என்றது. கறை மங்க மங்க ஒன்பதாம் நாள் முதலில் போனது, பிறகு எட்டு, ஏழு என்று வரிசையாகப் போயின. சுவரில் தலை சாய்த்த எண்ணெய்த் தடம், மேசைவிரிப்பில் பழச்சாறு, திரைச்சீலையில் மூக்கைத் துடைத்த அடையாளம், எதையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பாள், இது இன்னது என்று சொல்லிக்கொள்வாள், நனைப்பாள், தேய்ப்பாள். அலசி எடுக்கும்போது இது என்ன துணி, யாருடையது என்று தெரியாது. அவள் அழவில்லை. கண்ணீர் சுடும், சுட்டால் கறை நின்றுவிடும் என்று பயந்தாள். நான்காம் நாள் ஒரு பழைய ரவிக்கை அகப்பட்டது, மார்பில் பால் கட்டிய காலத்தில் நனைந்து காய்ந்து பழுப்பேறியது. அதற்கு மட்டும் ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. ஆறாம் நாள் வீட்டில் கறை எதுவும் மிச்சமில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு, சலவை நிலைய மேசையிலிருந்து எடுத்துவந்திருந்த மருந்துநீரைப் பஞ்சில் தொட்டு, பிள்ளைப்பேற்றில் தன் வயிற்றில் விழுந்த கோடுகளைத் துடைத்தாள். பதினாறு கோடுகள். ஒவ்வொன்றாகப் போயின. வயிறு கல்யாணமாகாத பெண்ணின் வயிறுபோல் ஆயிற்று. நீளமாக ஒரு கட்டில் எதற்காக அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்து, பெட்டியைப் பிரித்தெடுத்து வெளியே வைத்துவிட்டு, அதில் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் சனிக்கிழமை. வெளியே போய்க் காற்று வாங்கலாம் என்று தோன்றியது, குளத்தின் பக்கம் கூட்டம் போவதைப் பார்த்து அவளும் போனாள், கடைசி வரிசையில் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். கடைசியாக, ஒரு சாண்கூட இல்லாத ஒரு பெண் நீந்தியது. இவ்வளவு சின்னப் பிள்ளை, என்னமாய் உதைக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரியவில்லை. பிள்ளை சுவரைத் தொட்டதும் எழுந்து நின்று தட்டினாள். ஒரே ஆள், இரண்டே கை. தவளை ஒரு விரற்கடை வளர்ந்தாள். வளர்ந்ததும் சத்தம் வந்த திக்கில் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பாராததுபோல் குனிந்துகொண்டாள். வாயைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அவள் எதையோ கத்தியதாகவும், குமிழி மட்டும் மேலே வந்ததாகவும் விசில் வாத்தியார் பிற்பாடு தன் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஒரே ஆளின் தட்டலுக்கு இரண்டு விரற்கடை, அதற்கடுத்ததற்கு மூன்று. ஒருவர் தட்டுவதைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் கை அரிக்கும். நான்காவது சனிக்கிழமை தையல்காரர் தட்டினார், அவரைப் பார்த்து இரட்டையர் தட்டினார்கள், அப்புறம் மருந்துக்கடைக்காரரின் கைகள் அவரைக் கேட்காமலே தட்டிவிட்டன. வரிசை முழுவதும் எழுந்தது. ஆக, கறையக்காவின் கை உண்மையில் தேவைப்பட்டது மூன்று சனிக்கிழமைக்குத்தான். அதை அவளிடம் சொல்வதற்கில்லை, சொன்னால் என்ன மூன்று சனிக்கிழமை என்று கேட்பாள். நான்கு மாடியிலும் விஷயம் தெரியாதவர்கள் கிடையாது. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளை மறுபடி குறைந்துவிடுமோ என்ற அக்கறைதான் காரணம் என்றார்கள். தேய்க்கிற அண்ணன் மட்டும் ஒருநாள் மேசையருகே வந்து, பாப்பா நல்லா இருக்கும்மா என்றார். எந்தப் பாப்பா என்று அவள் கேட்டாள். அவர் பெட்டியைச் சூடேற்றப் போய்விட்டார்.

ஐந்து வருடம் போயிற்று. தவளை எல்லோரையும்போல உயரமானாள். அதற்குமேல் வளராமலிருக்க, தோற்க வேண்டிய இடத்தில் தோற்கவும் கற்றுக்கொண்டாள். தெருவில் கறையக்கா எதிர்ப்பட்டால் மறுபக்கம் போனாள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் கறையக்காவை மேடைக்கு அழைத்து, "சொந்தமா ஒரு பிள்ளை கிடையாது, ஆனா ஒரு சனிக்கிழமை தவறினது இல்ல, எல்லாப் பிள்ளைக்கும் தட்டுறாங்க. நாம எல்லாரும் இவங்களைப் பாத்துக் கத்துக்கணும்" என்று பேசினார். முதல் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நானூறு கைகள் அவளுக்காகத் தட்டின. பெரியவர்கள் கைதட்டலில் வளர்வதில்லை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, முதல் வரிசை வேண்டாம், தண்ணீர் தெறிக்கும், பழைய இடமே போதும் என்றாள்.

பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் தவளை சலவை நிலையத்துக்குப் போனாள். எலும்பு இறுகிவிட்டது, இனி அவளை யாரும் குறைக்க முடியாது. என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் நஷ்டமில்லை. இந்த ஒரு நாளை அவள் ஆறு வருடத்துக்கு மேலாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் மேசைக்கு முன்னால் நின்றதும், கூப்பிடுவதை விட்டுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே இருந்ததை மேசைமேல் வைத்தாள். கைக்குட்டையில் தைத்த, உள்ளங்கை அளவு நீச்சலுடை. ஓரத்தில் பழுப்பாக ஒரே ஒரு புள்ளி. அதை மோந்து பார்த்தால் போதும், தானே தெரிந்துகொள்வாள் என்று நம்பியிருந்தாள்.

கறையக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "பொம்மைச் சட்டையா? தையல் நல்லா இருக்கே."

"கறை இருக்கு பாருங்க."

"பாத்தேன்." மூக்கருகே கொண்டுபோனாள். வெகுநேரம் மோந்தாள். புருவம் சுருங்கியது; வாய் எதையோ சொல்ல வந்ததுபோல லேசாகத் திறந்தது. தவளை மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம்" என்றாள் கறையக்கா. "ஊசி குத்தினது. ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ்வளவு பழசை வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க, வெந்நீர்ல போட்டுக் கெடுத்துடுவாங்க. நான் எடுத்துத் தரேன், நில்லுங்க."

வேண்டாம் என்று தவளை சொல்வதற்குள் அது பச்சைத் தண்ணீரில் இருந்தது. கறையக்கா பொறுமையாக, நகத்தின் பின்புறத்தால், நூல் கலையாமல் தேய்த்தாள். கால் மணி நேரம் பிடித்தது. அவளுடைய வேலையில் குறை சொல்ல முடியாது. பிழிந்து, உதறி, தேய்க்கிற அண்ணனிடம் கொடுத்து மடித்து வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கறை இருந்த இடம் எதுவென்று தவளையாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தேய்க்கிறவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"போயிடுச்சு பாருங்க" என்றாள் கறையக்கா, சந்தோஷமாக.

"ஆமா. போயிடுச்சு" என்றாள் தவளை.

இப்போது தவளை குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சனிக்கிழமை தன் வகுப்பு முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்து கறையக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் தட்டுகிறாள். இந்த இருவரும் சேர்ந்து தட்டினால் எந்தப் பிள்ளையும் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக வளர்கிறது என்று மருந்துக்கடைக்காரர் உடைமாற்றும் அறைச் சுவரில் குறித்துவைத்திருக்கிறார். காரணத்தை யாரும் கேட்டதில்லை. போன சனிக்கிழமை தவளை வந்து நின்று, "இங்க யாராவது வராங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று கறையக்கா தலையசைத்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவர்களுக்கு இடம்விடுவதுபோல, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.